பாம்பு தன் சுற்றுப்புறத்தை அறியும் விதம்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் நிலக்கடலை பிடுங்குங் காலத்தும், சோளத்தட்டுப் போர் பிரிக்குங் காலத்தும் பாம்புகள் கண்ணிற்படுவது சகஜம். அவை சுற்றுப்புறத்தை எவ்வாறு உணர்கின்றன என்பதை அறிந்தால், கடிபடாமல் தப்பும் வழியும் விளங்கும். குடியானவர்கள் இதனைத் தம் குழந்தைகளுக்கும் எடுத்துச் சொல்வது நலம்.

செவி: பாம்பிற்கு வெளிச்செவியும் செவிப்பறையும் இல்லை, உட்செவி உண்டு. நிலத்தின் அதிர்வு தாடையெலும்பின் வழியாக அதனைச் சேர்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் ஓரளவு கேட்கும். மகுடியின் முன் நாகம் ஆடுவது இசையில் மயங்கியன்று. அசையும் குழலைக் கண்டு தற்காப்பாக அதன் பக்கம் திரும்புவதேயாம்.

நாக்கு: பாம்பின் நாக்கில் விஷமில்லை. காற்றிலும் மண்ணிலுமுள்ள மணத்துகள்களை அதன் இரு நுனிகளும் ஏந்தி, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பிற்குச் சேர்க்கின்றன. எலி எப்பக்கம் சென்றதென்பது இதனால் விளங்கும்.

கண்: இமை கிடையாது, கண்ணாடி போன்ற செதிலொன்று கண்ணை மூடியிருக்கும். பகலில் இரை தேடும் சாரை நன்கு பார்க்கும்.

வெப்பவுணர்வு: மலைப்பகுதிகளில் வாழும் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே ஒரு குழி உண்டு. அதனால் எலியின் உடற்சூட்டை இருளிலும் உணரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கும் இக்குழி இல்லை.

இனி, செய்யத்தக்கவை யாவை? இரவில் காட்டுக்குச் செல்வோர் தடியால் தரையைத் தட்டிச் செல்க. அதிர்வை உணரும் பாம்புகள் பல விலகிப்போம். கண்ணாடிவிரியனோ விலகாமல் அசைவற்றுக் கிடப்பதுண்டு. ஆதலால் தடி மாத்திரம் போதாது. விளக்கும் காலணியும் அவசியம். கட்டுவிரியன் இரவில் தரையிற் படுத்துறங்குவோரைக் கடிப்பதுண்டு. அக்கடியில் வலி சொற்பமாதலின் பலர் அறியாதிருப்பர். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பதே தக்க காப்பு.

கடிபட்டவரைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், மந்திரிப்பில் காலங்கழித்தலும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மேற்கூறிய நான்கின் விஷத்திற்கும் ஒரே முறிமருந்து உண்டாதலால், பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டுவதில்லை.

சாரை விஷமற்றது, கதிரையும் கடலையையும் அழிக்கும் எலிகளைத் தின்று நமக்கு உதவுவது. அதனை அடித்தல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கிராம அதிகாரிகள் இச்செய்தியை அறுவடைக்கு முன்னரே ஊரார்க்கு அறிவிப்பார்களாக.