கடைவாய்ப் பல் போச்சா? எந்த 'செட்' தாங்கும்?

செஞ்சி: செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமில்லை. கடிக்கப் பல் வேண்டுமே! இரண்டு, மூன்று பல்லைப் பறிகொடுத்தவர் கேட்கிற முதல் கேள்வி, "எதுங்க மலிவு?" கேட்க வேண்டியதோ, "எதுங்க மிச்சப் பல்லைக் காப்பாத்தும்?"

கழற்றி மாட்டும் பல் செட்டில் மலிவு அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். 1930-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு ரப்பரில் கந்தகம் கலந்து இறுக்கிப் பல் கட்டினார்கள். அக்ரிலிக் உடைந்தால் ஒட்டலாம். பக்கத்துப் பல் விழுந்தால் அதே செட்டில் இன்னொன்று சேர்க்கலாம். ஆனால் முறியாமல் இருக்கச் சுமார் 2 மில்லிமீட்டர் கனம் வேண்டும். பேச்சு கொஞ்ச நாள் குழறும். பெரும்பாலும் ஈறு மேலேயே உட்காருவதால், மெல்லும்போது ஈறு நசுங்கும்.

கோபால்ட்-குரோமியம் உலோக செட் வேறு ரகம். அரை மில்லிமீட்டர் தகடே போதும். அதன் சின்னத் தாங்கிகள் மிச்சப் பல் மேல் உட்காரும். கடிக்கிற பாரம் பல்லுக்குப் போகும், ஈறு தப்பிக்கும். காப்பியின் சூடுகூடத் தெரியும்! காசுதான் கூடுதல். சிரித்தால் கம்பி பளிச்சிடலாம்.

வளைகிற நைலான் செட்டில் கொக்கியும் ஈறு நிறம். கல்யாண போட்டோவுக்கு ஜோர்! ஆனால் வளைகிற பொருள் பாரத்தையெல்லாம் ஈறிலேயே இறக்கும். உடைந்தால் ஒட்டுவதும் கஷ்டம். முன்பல் ஒன்றிரண்டு போனவருக்குச் சரி. மல்லாட்டை மெல்ல உலோகம்தான் லாயக்கு.

ரோட்டோரக் 'கட்டு'

இந்த மூன்றிலும் சேராத ஒன்று உண்டு. அதுதான் ஆபத்து! பொடியையும் திரவத்தையும் குழைத்து வாயிலேயே அப்பி, கம்பி சுற்றி, பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். கழற்றவே முடியாது. அடியில் சோறு சேரும், ஈறு வீங்கும், சீழ் பிடிக்கும். ஒரு பல் கட்டப் போனவருக்கு, நல்லா இருந்த பல்லும் ஆட்டம் காணும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். பதிவு நம்பரைக் கேளுங்கள். நிஜ டாக்டர் கோபிக்க மாட்டார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ராத்திரி உஷார்!

எந்த செட் ஆனாலும் படுக்கும் முன் கழற்றித் தண்ணீரில் போடணும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, அக்ரிலிக் கோணிக்கும். சின்ன செட்டோடு தூங்கி, அதை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் லேசில் தெரியாது. கம்பி இருந்தால், டாக்டருக்கு அதுதான் துப்பு!