டயகமவிலிருந்து கடலுக்கு

பாய்ப் படகொன்றை வாடகைக்கு எடுத்துக் கடலில் விடுமுறை கழிக்க நினைப்பவர்கள் காற்றைப் பார்த்துத்தான் துறையைத் தேர்வார்கள். இலங்கையில் அந்தக் கணக்கு எளிது. மே முதல் செப்டம்பர் வரை சோளகம் வீசும்போது காலி, மிரிஸ்ஸ கடல் கொந்தளிக்கும். உல்லாசப் படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் குளம்போல் படிந்திருக்கும். வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கின் முறை. தேயிலை மலையான டயகமவில் இருப்பவர்களுக்கு இதற்கென்று வானிலை அறிக்கை வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கொழுந்து பறிப்பவர்களின் படங்கை நனைக்கும் மழையைக் கொண்டுவருவதும், தெற்குக் கடலைக் கலக்குவதும் ஒரே காற்றுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் கையில் காசு புரளும் காலம் தீபாவளி. முற்பணம் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் ஐப்பசியில் இரண்டு கடலும் ஆகாது. தெற்கில் பருவம் சரியாகத் திறந்திருக்காது, கிழக்கில் மழை பிடித்துவிடும். தைப்பொங்கலுக்கு மிரிஸ்ஸ கடல் நன்றாக இருக்கும். அதற்குள் முற்பணம் தீர்ந்து, சம்பளத்தில் மாதாமாதம் கழிவு நடந்துகொண்டிருக்கும். ஆகவே கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் இங்கத்துப் பிள்ளைகள் ஒன்று சித்திரைப் புத்தாண்டைப் பிடிக்கிறார்கள், அல்லது ஆகஸ்டில் திருகோணமலைக்கு ஆள் சேர்க்கிறார்கள். போனில் ஒரு குழு, அதில் படகுகளின் படங்கள், யார் யார் வருகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு என்ற பேச்சு. அக்கரப்பத்தனையையும் லிந்துலையையும் தாண்டித் தலவாக்கலைக்குப் பஸ், அங்கிருந்து கோச்சி. கடலுக்குப் போகும் நாளை லயத்தில் பிறந்தவர் தாமே குறிக்கிறார் என்பது இந்தத் தோட்டங்களின் வரலாற்றில் மிகப் புதிய செய்தி.

அவர்களுடைய பாட்டன், பூட்டன் காலத்தில் நாளையும் துறையையும் ஆள் சேர்த்துவந்த கங்காணி குறித்தார். காற்று எது என்று கேட்கவும் இல்லை. இந்தியாவிலிருந்து பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1864 இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர்கள் இறந்ததை மலையக வரலாறு எழுதியவர்கள் மறக்காமல் குறிப்பிடுவார்கள். 1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு கடல் வழி ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ஆனாலும் மண்டபம் முகாமில் தடுப்பூசி, மருந்து நீர்க் குளியல், தனிமைப்படுத்தல் எல்லாம் முடிந்துதான் கப்பலேற முடியும். கழுத்தில் நூலில் கட்டிய தகரத் துண்டு ஒன்று தொங்கும். அதில் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் பொறித்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வழி தவறினாலும் அந்தத் தகரத்தைப் பார்த்துச் சரியான தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம். பார்சலுக்கு விலாசம் ஒட்டும் முறையில் பிழை காண முடியாது. ஒட்டப்பட்டது மனிதர்மேல் என்பதைத் தவிர. வழிச்செலவு, வந்து சேர்ந்தவரின் பெயரில் கடனாக ஏறியது.

தகரத் துண்டு வந்த அதே ஆண்டுகளில்தான் இந்த மலைத் தேயிலையால் பெரும் பெயர் பெற்ற ஒருவர் பாய்ப் படகுக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஹோர்ட்டன் சமவெளிக்கு அந்தப் பக்கம், ஹப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை 1890 இல் வாங்கிய தாமஸ் லிப்டன்தான் அவர். பாய்ப் படகுகளின் மிகப் பழைய சர்வதேசப் போட்டியான அமெரிக்கா கிண்ணத்துக்கு ஷாம்ராக் என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படகுகள் கட்டி, 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை சவால் விட்டார். ஐந்திலும் தோற்றார். தோல்வியை அவர் சிரித்துக்கொண்டே ஏற்ற விதத்தைப் பார்த்து அமெரிக்க மக்கள் காசு சேர்த்துத் தங்கக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார்கள். தோற்றுத் தோற்றே தேயிலைக்கு அமெரிக்காவில் அவ்வளவு விளம்பரம் தேடிக்கொண்ட வேறொரு வியாபாரி இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அவருடைய கடைசிப் படகு நியூபோர்ட் கடலில் ஓடியது 1930 இல். அதற்குச் சற்று முன்புதான் இலங்கைத் தோட்டங்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச நாட்சம்பளம் வகுக்கப்பட்டது: உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இன்று ஆண், பெண் வேறுபாடு இல்லை. 2021 இல் 1,000 ரூபாய் ஆன நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் ஆனது. நிர்ணயித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கம் பேச்சிலிருந்து இன்னும் போகவில்லை. படகுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று குழுவில் ஒரு தொகை வந்து விழுந்ததும், எத்தனை பேருக்குச் சமம் என்று மனம் தானாக வகுத்துப் பார்க்கிறது. இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.

மலையக மக்களின் இரண்டாவது கடற்பயணத்துக்குத் திட்டம் தீட்டியவர்கள் இரண்டு பிரதமர்கள். 1964 அக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 இல் குடியுரிமை இழந்தவர்களில் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். 1974 இல் அந்த மிச்சமும் 75,000, 75,000 எனச் சரிபாதியானது. ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ராமானுஜம் என்ற அந்தக் கப்பலின் பெயர் தெரியாத முதியவர் இந்தப் பக்கத்தில் இல்லை. குடும்ப அட்டை, தகரப் பெட்டி, அம்மி, பித்தளைப் பாத்திரம். கோச்சி புறப்படும்போது பெட்டிக்குள்ளும் அழுகை, மேடையிலும் அழுகை. அதனால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தமிழ்நாடு அரசு அவர்களுக்கென்று தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். இதே காலத்தில் உலகின் மறுகோடியில், டோர்டோலா தீவில் 1969 இல் ஒரு தம்பதி ஆறு பாய்ப் படகுகளை வைத்து வாடகைத் தொழில் தொடங்கியிருந்தார்கள். மாலுமி இல்லாமல் வெறும் படகை வாங்கிக்கொண்டு விடுமுறைக்காரர் தாமே ஓட்டிப்போகும் வழக்கம் அங்கிருந்துதான் பெருந்தொழிலாகப் பரவியது.

இன்று அந்த வழக்கத்துக்குப் பெயர்போன துறைகள் ஏதென்ஸ், ஸ்பிலிட், பால்மா, ஃபுக்கெட். பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்க வேண்டும். தாமே ஓட்டுவதென்றால் பெரும்பாலான இடங்களில் படகோட்டும் சான்றிதழ் காட்ட வேண்டும். சேதத்துக்கு ஈடாக ஒரு பெருந்தொகையைக் கட்டிவைக்க வேண்டும். இலங்கையில் படகோடு கப்டனும் உதவியாளும் வருவதுதான் வழக்கம். அதனால் சுக்கானைத் தொட்டறியாத மலை நாட்டுக்காரரும் போகலாம். முழுப் படகையும் எடுப்பது தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது. ஆளுக்கு ஒரு இடம் பிடிப்பது, அல்லது நண்பர்கள் சேர்ந்து அரை நாளுக்குப் பேசுவது, இந்த இரண்டுதான் நடக்கிற காரியம். அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சுற்றுலா இடங்களில் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை. தமிழில் பேசினாலும் உள்ளூர் விலைதான் என்பதை அந்த அட்டை சொல்லிவிடும்.

துறையை விட்டு வெளியேறும் வரை எஞ்சின் ஓடும். ஆழத்துக்கு வந்ததும் உதவியாளர் கயிற்றை உருளையில் சுற்றிப் பாயை ஏற்றுவார். பாய் முதலில் படபடக்கும், பிறகு காற்று பிடித்து விறைக்கும், அப்போது எஞ்சினை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு கேட்பது தண்ணீர் மட்டும். இரட்டை உடல் கொண்ட படகென்றால் முன்புறம் இரண்டு உடல்களுக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டியிருக்கும். அதில் குப்புறப் படுத்தால் மூக்குக்குக் கீழே கடல் ஓடும். முதல் அரை மணி நேரம் வலையில் இடம் பிடிக்கப் போட்டி. வாந்தி தொடங்கியதும் போட்டி தணிந்துவிடும்.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கி இந்தத் தோட்டங்களின் ஊடே ஓடும் ஆக்ரா ஓயாவின் தண்ணீர், கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மின்சாரத்துக்கு வேலை செய்து, மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில்தான் கடல் சேர்கிறது. 1659 இன் இறுதியில் வீசிய புயலில் முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்ய ஒரு ஆங்கிலக் கப்பல் அதே குடாவுக்கு ஒதுங்கியது. அதிலிருந்த ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்தார். கடற்பயணத் திட்டம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தீவில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

கிடைத்ததைச் சொன்னால் இழந்ததையும் சொல்ல வேண்டும். ராமானுஜம் காலம் வரை கொழும்பில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் இறங்கி, சில மணி நேரக் கடலைக் கடந்து, மறுகரையில் சென்னை வண்டியைப் பிடிக்கலாம். ஒரே டிக்கெட் போதும். பிரிந்த குடும்பங்களுக்கு அந்த வழிதான் பாலம். 1984 இல் போரால் அது நின்றது. 2023 அக்டோபர் 14 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே செரியபாணி என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, வாடை மழையால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 150 இருக்கை, நான்கு மணி நேரம். யாழ்ப்பாணத்தாருக்கு அது பெரிய வசதி. டயகமக்காரருக்கு மலையிறங்கி, வடமுனை வரை போய், 60 கடல் மைல் கடந்து, நாகப்பட்டினத்திலிருந்து நீலகிரிக்கு மறுபடி ஒரு பகல் பயணம். திமிங்கிலம் பார்க்கும் மிரிஸ்ஸ கடல் கிட்டே வந்துவிட்டது. நீலகிரியின் கூடலூரில் இருக்கும் சின்னம்மா எட்டத்துக்குப் போய்விட்டார்.

தலைமன்னார் இறங்குதுறைக்கு 2015 மார்ச்சில் மறுபடி கோச்சி ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம்-தலைமன்னார்க் கப்பலை விரைவில் தொடங்க முயல்வதாக இரு நாட்டுத் தலைவர்களின் 2024 டிசம்பர்க் கூட்டறிக்கை சொல்லியது. மிரிஸ்ஸவா திருகோணமலையா என்று அடித்துக்கொள்ளும் இளைஞர் குழுவில் இந்தச் செய்தியும் எப்போதாவது வந்து விழும். உடனே பெரியவர்கள் கேட்பது டிக்கெட் எவ்வளவு வைப்பார்கள், ஆளுக்கு எத்தனை கிலோ சாமான் ஏற்றலாம் என்பதைத்தான்.