நூலகத்தில் பெயிண்ட் கும்மாளம்: புத்தகத்தில் கறை படாமல் நடத்துவது எப்படி?

காரைக்கால்:
விடுமுறையில் பிள்ளைகளை நூலகத்துக்கு இழுக்க நல்ல வழி பெயிண்ட்தான். ஆனால் "புத்தகம் பாழாயிடும்" என்ற பயத்தில் பலரும் அந்தப் பக்கமே போவதில்லை. கோட்டுச்சேரி மாதிரி ஊரிலும் செலவில்லாமல் இதை நடத்தலாம்.

அலமாரி பக்கம் வேண்டாம், வராந்தா போதும். கல்யாணத்துக்கு கட்டிய பழைய பிளக்ஸ் பேனரை விரித்தால் தரை தப்பிக்கும். மைதாவை கூழாக காய்ச்சி, ஆறியதும் கேசரி பவுடர் கலந்தால் விரலால் பூச கெட்டியான வண்ணம் ரெடி. கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட் கூடவே கூடாது. அது தண்ணீரில் போகாது. கேசரி பவுடரும் துணியில் கறை பிடிக்கும் என்பதால் பழைய சட்டையோடு அனுப்ப வேண்டும். யூனிபார்மில் வந்தால் வீட்டில் அடி நிச்சயம்!

"இது என்ன படம்?" என்று மட்டும் கேட்கக்கூடாது. கை போன போக்கில் பூசுவதுதான் இதில் விஷயமே. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக் 1947 முதல் கேன்வாசை தரையில் போட்டு பெயிண்டை சொட்டவிட்டே வரைந்தார். திருச்சி பக்கம் பிறந்த கே.எம்.ஆதிமூலமும் (1938-2008) உருவமே இல்லாத வண்ண ஓவியங்களால் பேர் வாங்கியவர்.

ஐப்பசி மழையில் கூழ் காயாது, பூஞ்சை பிடிக்கும். கோடைதான் தோது. காய்ந்த படங்களை நூலகத்தில் அடுக்கி வைக்காமல் அன்றே வீட்டுக்கு கொடுத்து அனுப்பிவிட வேண்டும். மைதா வாசனைக்கு கரப்பான் வந்தால் அடுத்து புத்தக பைண்டிங்கில்தான் வாய் வைக்கும்.