பழைய எஃகு ஃபிரேமில் எதைப் பார்த்து வாங்குவது?

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இறக்கத்தில் காலை அசைக்காமல் உட்கார்ந்து போக முடியாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். சரிவான பந்தயத் தளங்களில் இன்றும் இந்த வண்டிதான் ஓடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனின் சைக்கிள் கிளப்புகளில் சாலையிலும் இது சாதாரணம். குளிர்காலப் பயிற்சிக்கும், கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் நேரப் பந்தயத்துக்கும் ஃபிக்ஸட் சக்கரத்தையே மாட்டிக்கொண்டு போனார்கள்.

இப்படி ஒரு வண்டியைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது பழைய எஃகு ஃபிரேம். தேட ஆரம்பித்ததும் கண் போவது குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு: ரெனால்ட்ஸ் 531, கொலம்பஸ் எஸ்எல், டாங்கே. அந்தப் பெயர்களுக்கு மதிப்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஒரு ஃபிரேம் ஃபிக்ஸட் கியருக்கு ஒத்துவருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் இடம் பின் ஆக்சில் உட்காரும் அந்தச் சின்னப் பிளவு. முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

கியர் சைக்கிளில் செயினின் தளர்வை, ஸ்பிரிங் வைத்த டெரெய்லர் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஃபிக்ஸட் வண்டியில் அப்படி எதையும் வைக்க முடியாது. பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது செயினின் கீழ்ப்பக்கம் விறைக்கும். அங்கே ஸ்பிரிங் கை இருந்தால் வளைந்து நாசமாகும். அதனால் செயினை இறுக்க ஒரே வழி, பின்சக்கரத்தையே பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்குவது. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் பின் ஆக்சிலின் இரு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் இருக்கிறதே, அது செய்வதும் இதே வேலைதான். ஃபிக்ஸட் வண்டியில் செயின் தொளதொளவென்று இருப்பது ஆபத்து. ஓடும்போது அது பல்லை விட்டு நழுவிச் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

பிளவு மூன்று விதமாக வரும். பந்தயத் தளத்துக்கென்று கட்டிய டிராக் ஃபிரேமில் அது பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். 1970களின் சாலைப் பந்தய ஃபிரேம்களில் முன்பக்கம் பார்த்து, லேசாகச் சாய்ந்து, நீளமாக இருக்கும். 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஃபிரேம்களில் நேர் கீழே பார்த்திருக்கும். டெரெய்லரே தளர்வைக் கவனித்துக்கொள்வதால் கியர் வண்டிக்கு ஆக்சில் முன்பின் நகரத் தேவையில்லை. நேர் பிளவில் சக்கரத்தை மாட்டுவதும் சுலபம். ஆனால் ஃபிக்ஸட் கட்ட நினைப்பவருக்கு அந்த மூன்றாவது வகை பெரும்பாலும் வீண். செயினை இறுக்க வழியே இல்லை. மையம் விலகிய ஆக்சில் கொண்ட சிறப்பு ஹப் வாங்கி ஒப்பேற்றலாம், ஆனால் அந்த ஹப்பின் விலையில் இன்னொரு பழைய ஃபிரேமே கிடைத்துவிடும்.

முன்பக்கம் திறந்த பிளவாக இருந்தால் அதன் நீளத்தை அளந்து பாருங்கள். செயினை இரண்டிரண்டு கண்ணியாகத்தான் கழற்றவோ சேர்க்கவோ முடியும்: ஓர் உட்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி. இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலம். செயின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு முறை ஓடுவதால், ஓர் அங்குலம் குறைத்தால் ஆக்சில் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., முன்னால் வரும். பிளவுக்குள் ஆக்சில் நகர அவ்வளவு இடம் இருந்துவிட்டால் எத்தனை பல் வைத்தாலும் செயினைச் சரியாக இறுக்கிவிடலாம். பின்னால் ஒரு பல் கூட்டினாலும் குறைத்தாலும் ஆக்சில் ஏறக்குறைய 3 மி.மீ.தான் இடம் மாறும். கம்பக்னோலோ கம்பெனியின் பழைய நீளமான பிளவுத் தகடுகள் உள்ள ஃபிரேம் கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

பிளவின் முகம் தட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் எழுந்து நின்று ஒற்றைக் காலால் மிதிக்கிறார். கிராங்க் 165 மி.மீ. நீளம். முன் பல்சக்கரம் 46 பல் என்றால் அதன் ஆரம் சுமார் 93 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி செயினில் விழும் இழுப்பு 124 கிலோ. அவ்வளவும் ஆக்சிலின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. அதை எதிர்த்து நிற்பது நட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டும்தான். மெல்லிய, தகடு நசுக்கிச் செய்த முனைகளில் சக்கரம் வலதுபக்கம் நழுவி, டயர் இடது குழாயில் உரசுவதை அடிக்கடி பார்க்கலாம். வார்ப்பிலோ அடித்தோ செய்த தடித்த தகடே நம்பகம். நெம்புகோல் வைத்த க்விக் ரிலீஸை விட, அடியில் சொரசொரப்பான வாஷர் வைத்த நட்டு நல்லது.

சரி, பின்பக்கம் திறந்த பிளவுள்ள அசல் டிராக் ஃபிரேமையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஜப்பானின் கெய்ரின் பந்தய ஃபிரேம்கள்மேல் பலருக்கும் ஆசை. 1948இல் கொகுராவில் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் மக்கள் பணம் கட்டுகிறார்கள். அதனால் எந்த வீரருக்கும் கருவியால் சலுகை கிடைக்கக்கூடாது என்று, ஃபிரேம் முதல் நட்டு வரை அங்கீகார முத்திரை வேண்டும். ‘என்ஜேஎஸ்’ என்று குத்தியிருக்கும். ஃபிரேம் எஃகில்தான் இருக்க வேண்டும் என்ற விதியால், உலகம் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் போன பிறகும் அங்கே கைவேலைக் கட்டுநர்கள் எஃகைப் பற்றவைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வேலைப்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனாலும் தினமும் சாலையில் ஓட்ட நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தளத்தில் வேகமாகத் திரும்பவென்று அதன் முன்பகுதி செங்குத்தாக இருக்கும். ஹேண்டில்பாரை லேசாக அசைத்தாலே வண்டி திரும்பும். பள்ளம் விழுந்த சாலையில் அது ஓட்டுபவரைக் களைப்பாக்கும். ஒல்லியான டயர்தான் உள்ளே நுழையும், மட்கார்டுக்கு இடமே கிடையாது. பெரும்பாலானவற்றில் பிரேக் மாட்டத் துளையும் இராது.

ஒரு விஷயத்தில் மட்டும் டிராக் ஃபிரேமுக்கு உண்மையான லாபம் உண்டு. அதன் கிராங்க் அச்சு சாலை ஃபிரேமில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கும். சாதாரண வண்டியில் வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொள்கிறோம். ஃபிக்ஸடில் பெடல் நிற்காது. சாய்ந்த நிலையில் அது கீழே வந்து தரையைத் தட்டினால் பின்சக்கரம் துள்ளிவிடும். சாலை ஃபிரேமில் கட்டுபவர்கள் இதற்காகவே 170க்குப் பதில் 165 மி.மீ. கிராங்க் போடுகிறார்கள். 1970களின் பல வண்டிகள் 27 அங்குலச் சக்கரத்துக்குக் கட்டியவை. அவற்றில் இன்றைய 700சி சக்கரத்தைப் போட்டால் ரிம்மின் விளிம்பு 4 மி.மீ. கீழே இறங்கும், ஃபிரேம் முழுவதும் அந்த அளவுக்குத் தாழும்; டயரும் ஒல்லியாக இருந்தால் இன்னும் தாழும். வாங்கும் முன் தரைக்கும் கிராங்க் அச்சுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்துப் பாருங்கள். 27 செ.மீ.க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும்.

ஆக, பெரும்பாலோருக்கு ஏற்றது நீளமான பிளவுள்ள, 1970களிலோ 80களின் முற்பாதியிலோ செய்த சாலை ஃபிரேம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சைக்கிள் கடையில் வேலை பார்த்த, 2008இல் மறைந்த ஷெல்டன் பிரௌன் இதைத்தான் ஓயாமல் எழுதிவந்தார். பழைய பத்து கியர் வண்டிகளுக்கு மறுவாழ்வு கொடுக்க உலகெங்கும் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஐந்து பல்சக்கரம் பின்னால் வைத்த வண்டிகளில் ஹப் உட்காரும் அகலம் 120 மி.மீ.; டிராக் ஹப்பின் அகலமும் அதுவே, அப்படியே நுழையும். ஆறு பல்சக்கர வண்டிகளில் 126. அங்கே நீளமான ஆக்சிலும் பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷரும் போதும்.

இப்போது குழாய்க்கு வருவோம். நல்ல எஃகு ‘துள்ளும்’, மலிவான எஃகு ‘செத்துக் கிடக்கும்’ என்று சொல்வார்கள். எஃகின் விறைப்பு, உலோகக் கலவை எதுவானாலும், ஏறக்குறைய ஒன்றே. மாறுவது பலம். பலமான கலவை என்றால் குழாயின் சுவரை மெல்லிசாக்கலாம். மெல்லிசானால் எடை குறையும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். நாம் உணரும் வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. ஆனால் மெல்லிய குழாயைப் பற்றவைத்தால் மூட்டில் சூடு பட்டு அந்த இடம் பலவீனமாகும். இதற்கு விடை கண்டது பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பம். வெளிவிட்டம் மாறாமல் இரு முனையிலும் தடிப்பு, நடுவில் மெலிவு: 1897இல் காப்புரிமை வாங்கினார்கள். கொலம்பஸ் எஸ்எல் குழாயில் முனை 0.9 மி.மீ., நடு 0.6 மி.மீ. மாங்கனீஸும் மாலிப்டினமும் சேர்ந்த 531 கலவை 1935இல் வந்தது. 1928 முதல் ரெனால்ட்ஸ் இருந்தது டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தில். அதே குழுமம் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949இல் தொடங்கியதுதான் நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ்.

ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். சீட் போஸ்ட் பொய் சொல்லாது. சீட்டுக் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மி.மீ. அதில் 27.2 மி.மீ. போஸ்ட் நுழைந்தால் சுவர் 0.6, 0.7 மி.மீ.தான் இருக்க முடியும்: நல்ல குழாய். 25.4 என்றால் சுவர் ஒன்றரை மி.மீ.; அது கனமான சாதாரண எஃகு. பிரெஞ்சு ஃபிரேம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே குழாயே 28 மி.மீ. என்பதால் அருமையான 531 ஃபிரேமிலும் 26.4தான் நுழையும். அவற்றின் மரைகளும் தனி ரகம், உதிரி கிடைப்பது கஷ்டம். முதல் வண்டி கட்டுபவர் பிரிட்டிஷ் அல்லது ஜப்பானிய ஃபிரேமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காசு கொடுக்கும் முன் இன்னொரு வேலை பாக்கி. முன்சக்கரம் எதிலாவது மோதியிருந்தால் அதன் தழும்பு கீழ்க்குழாயில், ஹேண்டில் தலைப்பகுதி மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். தடித்த முனை மெலியத் தொடங்கும் இடம் அது. வளைவு அங்கேதான் விழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் குழாயின் அடிப்பக்கம் மெதுவாக ஓட்டுங்கள். லேசான புடைப்பு, பெயிண்டில் வளையமாக ஒரு விரிசல், இரண்டில் எது தட்டுப்பட்டாலும் ஃபிரேமை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புதுப் பெயிண்ட் பளபளத்தால் இன்னும் கவனம் வேண்டும். அடுத்து ஒரு நூல்: இடது பின்பிளவில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, வலது பின்பிளவுக்கு விறைப்பாக இழுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் ஸ்கேலால் அளந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓரிரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, எஃகை மெல்ல வளைத்து நேராக்கலாம். சீட் போஸ்ட் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அலுமினியப் போஸ்ட் எஃகுக் குழாய்க்குள் ஈரம் பட்டு இறுகியிருந்தால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக பிரேக். காலால் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பின்சக்கரத்தை மட்டும் தடுத்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம், முன்பிரேக் பிடிப்பதைவிட மிக அதிகம். செயின் அறுந்தால் அதுவும் இல்லை. பிரிட்டனில் சட்டமே ஃபிக்ஸட் சக்கரத்தை ஒரு பிரேக்காகக் கணக்கில் கொண்டு, கூடவே முன்பிரேக்கும் வேண்டும் என்கிறது. ஃபோர்க்கின் உச்சியில் பிரேக் துளை இருக்கும் ஃபிரேமாகத் தேடுங்கள். துளையில்லாத டிராக் ஃபிரேம்தான் கைக்கு வந்தது என்றால் அந்த ஃபோர்க்கில் துளை போட வேண்டாம். அதே நீளமும் அதே வளைவும் உள்ள, துளையோடு வந்த வேறு ஃபோர்க்கைத் தேடி மாட்டுங்கள்.