பாதி நாள் வேலைக்கு 250 ரூபாய், வீட்டிலிருந்தால் 450

இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் விபத்தில் இறந்தனர். காயமடைந்தவர்களாகக் கணக்கில் வந்தோர் ஆண்டுக்கு 4,000 பேருக்குச் சற்று அதிகம். ஒரு சாவுக்கு ஏறத்தாழ 4 காயம். பிரிட்டனில் 2022-23இல் பணியிட விபத்தில் இறந்தோர் 135 பேர். நிறுவனங்கள் தெரிவித்த காயங்கள் 60,645. ஒரு சாவுக்கு 449. இத்தனைக்கும் அங்கே, சில பெருங்காயங்கள் நீங்கலாக, 7 நாளுக்கு மேல் வேலை தடைப்பட்டால்தான் தெரிவிக்க வேண்டும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் 88ஆவது பிரிவு 48 மணி நேரத்தையே அளவாக வைத்தது. கண் நெருக்கமான வலையில் மீன் குறைவாக விழுந்திருக்கிறது. தொழில்கள் வேறு, இயந்திரங்கள் வேறு என்று எவ்வளவு கழித்தாலும் 100 மடங்கு இடைவெளி அடைபடாது. பதிவேட்டுக்கே வராத காயக்காரர் வேலைக்குத் திரும்பினாரா என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

பதிவேட்டுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அவருக்கு வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், வேலை பவர் பிரஸ்ஸில், ஆட்காட்டி விரல் முழுதும் போய்விட்டது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி இது 14% சம்பாத்திய இழப்பு. கட்டைவிரலுக்கு 30%, நடுவிரலுக்கு 12%, சுண்டுவிரலுக்கு 7%. சம்பளத்தில் 60% ஆன 9,000 ரூபாயை 30 வயதுக்கான 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் 14% என்பது 2,62,055 ரூபாய். அவர் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தால் இந்த மொத்தத் தொகை கிடையாது. நாள் சம்பளம் 500 ரூபாய், அதில் 90% ஆன 450 ரூபாய், அதில் 14% ஆன 63 ரூபாய் நாளொன்றுக்கு. மாதம் 1,890 ரூபாய், ஆயுள் முழுதும். வட்டியையும் பின்னாளைய உயர்வையும் விட்டுவிட்டால் 11 ஆண்டு 7 மாதத்தில் இரண்டும் சமமாகும். விரலின் விலையைச் சட்டம் ரூபாய் சுத்தமாகச் சொல்லிவிட்டது.

அதே சட்டங்கள் தடுமாறியது விபத்துக்கும் பழைய வேலைக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான். அதே 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டப்படி, தற்காலிக இயலாமை நீடிக்கும்வரை நாள் சம்பளத்தில் 90% கிடைத்தது. 45 நாள் வீட்டிலிருந்தால் 20,250 ரூபாய். வேலை பார்த்திருந்தால் 22,500. இழப்பு 2,250 ரூபாய், தாங்கக்கூடியது. ஆனால் அதே சட்டத்தின் 63ஆவது பிரிவு, வேலை பார்த்த நாளுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்றது. 46ஆம் நாள் முதல் 4 வாரம் பாதி நேரம் வந்து, உட்கார்ந்தபடி கேஜ் வைத்து அளவு பார்க்கும் வேலையைச் செய்ய அவர் தயார் என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம், நாளொன்றுக்கு 250 ரூபாய். வீட்டிலிருந்தால் 450. வேலைக்கு வருவதால் நாளுக்கு 200 ரூபாய், வாரத்துக்கு 1,400 ரூபாய், 28 நாளில் 5,600 ரூபாய் அவர் கையை விட்டுப் போகிறது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் தரும் சான்றும் முதல், இடை, இறுதி என்ற வகைகளில்தான்: ஒன்று முழு ஓய்வு, இல்லையேல் முழு வேலை. உதவித்தொகை பெறும் காலத்தில் வேலைநீக்கம் கூடாது என்ற 73ஆவது பிரிவின் பாதுகாப்பும் அந்த உதவித்தொகையோடு முடிந்தது. அவர் சோம்பேறி என்று பிரஸ் ஷாப்பில் பேச்சு எழுந்தால், இந்த 200 ரூபாயைப் பேசுகிறவர்கள் பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

ஜெர்மனியில் இதே கட்டத்துக்கு வேறு கணக்கு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 6 வாரம் முதலாளி 100% சம்பளம் தர வேண்டும். அதன்பின் விபத்துக் காப்பீடு மொத்தச் சம்பளத்தில் 80% தருகிறது, நிகரச் சம்பளத்தை மிஞ்சாமல், பொதுவாக 78 வார வரம்பு வரை. மருத்துவர் வகுத்த அட்டவணைப்படி முதலில் 2 மணி நேரம், பிறகு 4, பிறகு 6 என்று அவர் வேலைக்கு வரும் வாரங்களிலும் காப்பீட்டுத் தொகை நிற்பதில்லை; தாளில் அவர் இன்னும் விடுப்பில் இருப்பவர். 12 மாதத்தில் 6 வாரத்துக்கு மேல் வராதவரை அழைத்து, எப்படித் திரும்பலாம் என்று பேச முன்வருவது முதலாளியின் சட்டக் கடமை.

தாளை மாற்றினால் போதுமா? பிரிட்டன் 2010 ஏப்ரலில் மருத்துவச் சான்றை மாற்றியது. ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்பதோடு, படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், வேலை மாற்றம், இட மாற்றியமைப்பு என 4 தெரிவுகள் கொண்ட ‘சில மாற்றங்களோடு தகுதியாகலாம்’ என்ற வழியும் வந்தது. 2023இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 1.1 கோடிச் சான்றுகள் கொடுக்கப்பட்டன. 94% பழையபடி ‘தகுதியில்லை’. 13 ஆண்டில் புதிய வழிக்குச் சேர்ந்தது 6%.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவர் நிலை இன்னும் குறுகல். இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய். 22,000 வாங்குபவருக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. அதன் கணக்கில் சம்பளம் 15,000 ரூபாயோடு நின்றது. அரை மாதத்துக்கு அதில் 25%, ஆக 3,750 ரூபாய். 45 நாளைக்கு 11,250 ரூபாய். அவர் இழந்த சம்பளம் 33,000. ஈடு 34%. இவர் பாதி நேர வேலையைக் கேட்க மாட்டார், காயம் ஆறுமுன் முழு ஷிப்டுக்கு ஓடி வருவார். முன்னவர் தாமதிப்பதற்கும் இவர் அவசரப்படுவதற்கும் காரணம் ஒரே வகையான கழித்தல்.

தாமதத்தின் விலைக்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பயன்படுத்தும் எண்கள் உண்டு. 20 நாள் வேலைக்கு வராதவர் என்றேனும் திரும்பும் வாய்ப்பு 70%. 45 நாளானால் 50%. 70 நாளானால் 35%. முதல் 25 நாள் இடைவெளியில் நாளுக்கு 0.8 புள்ளியும் அடுத்த 25 நாளில் 0.6 புள்ளியும் கரைகிறது. பெருங்காயக்காரர்களே அதிக நாள் படுத்திருப்பார்கள், ஆகவே சரிவு முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது. வட அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு இன்னும் நேரடியானது: மாற்று வேலை தரப்பட்டவர்கள் தரப்படாதவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு திரும்பினர், இழந்த வேலைநாள்கள் பாதியாயின.

மாற்று வேலையைத் தருவது மனிதவளப் பிரிவு அன்று, சூப்பர்வைசர். அவர் ஷிப்ட் தாளில் இருப்பவை மெஷின் எண், ஆபரேட்டர், டார்கெட், ஓடிய எண்ணிக்கை, ரிஜெக்‌ஷன், பிரேக்டவுன் நிமிடம். பிரஸ் நிமிடத்துக்கு 10 முறை அடித்தால் 8 மணி நேரத்தில் ஒருவருக்கு 4,800 துண்டு. 10 பேருக்கு 48,000. காயம்பட்டவர் பாதி வேகத்தில் வந்தால் 45,600, குறைவு 5%. அவர் வராமல் ஒப்பந்த ஆள் வந்தால் 48,000, குறைவு 0%. தாள் இப்படி இருக்கையில் சூப்பர்வைசர், “முழுசா சரியானப்புறம் வாப்பா” என்பதில் வியப்பில்லை. அவரை 4 வாரம் 10 பேர் கணக்கில் சேர்க்காமல் முழுச் சம்பளத்தோடு வைத்தால் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு 250 ரூபாய் வீதம் 28 நாளுக்கு 7,000 ரூபாய். அந்த ஒருவருக்காக நிறுவனம் கட்டும் இ.எஸ்.ஐ. பங்கு 3.25%, மாதம் 487.50 ரூபாய், 7,000 என்பது 14 மாதப் பங்குக்குச் சற்று மேல். விபத்தே இல்லாத பட்டறைக்கும் அதே 3.25% தான். ஆகவே இந்த 7,000 ரூபாயைச் செலவிட்டால் அடுத்த ஆண்டு பங்கு குறையும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

பழைய வேலை கைகூடாதவருக்கு இ.எஸ்.ஐ. தரும் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு நாள்படி 123 ரூபாய், அல்லது பயிற்சி மையம் வாங்கும் கட்டணம், இரண்டில் அதிகமானது. தகுதி 40% ஊனம். ஆட்காட்டி விரல் 14%, கட்டைவிரல் 30%. இரண்டும் வாசலுக்கு வெளியே. ஒரு கையின் 4 விரலும் போனால் 50%, உள்ளே வரலாம்.

மாற்று வேலை தரச் சூப்பர்வைசர்களைப் பழக்கிப் பார்த்த ஒரு சோதனை 2006இல் வெளிவந்தது. களம் ஓர் அமெரிக்க உணவுப் பதப்படுத்தும் ஆலை. 11 பேருக்கு 4 மணி நேரப் பயிற்சி: காயமானவரிடம் எப்படிப் பேசுவது, எந்த வேலையை எப்படி மாற்றித் தருவது. மற்ற 12 பேருக்குப் பயிற்சி பின்னால். 7 மாதத்தில் பயிற்சி பெற்றவர்களின் பிரிவில் புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 47%, வேலைநாள் இழப்புள்ள கோரிக்கைகள் 18% குறைந்தன. பயிற்சி பெறாத பக்கமும் 27%, 7% குறைந்தது. பயிற்சியின் பங்காகச் சொல்லத்தக்கது 20 புள்ளியும் 11 புள்ளியும் மட்டுமே, ஆலையும் ஒன்றுதான். அந்த 44 மணி நேரத்தை இங்கே விலையிட்டால், மாதம் 25,000 ரூபாய் வாங்கும் சூப்பர்வைசருக்கு 208 மணி நேரத்தில் மணிக்கு 120.19 ரூபாய். பயிற்றுநர் கட்டணம் நீங்கலாக 11 பேருக்கும் சேர்த்து 5,288 ரூபாய். பாதி நாள் வேலைக்கு வரும் ஒரே ஒருவர் 28 நாளில் இழப்பது 5,600.