பிரவுசிங் சென்டர் நோட்டு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான மாடிப்படி. ஏறிப் போனால் எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டுப் பலகைத் தடுப்புகள், பாதி ஓடும் ஒரு ஏசி. மணிக்கு இருபது ரூபாய். வாசலில் மேசைமேல் கோடு போட்ட நீள நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் இருக்கும். பெயர், ஊர், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும். ஒருநாள் நான் எழுதப் போனபோது எனக்கு மேல் வரியில் ‘ரஜினிகாந்த், போயஸ் தோட்டம், 4.10’ என்று இருந்தது. “தலைவரு எந்த சிஸ்டம்ணே?” என்றேன். “அஞ்சாம் நம்பரு. அரியர் ரிசல்ட் பாத்துட்டிருக்காரு” என்றார் கடைக்கார அண்ணன், தலையைத் தூக்காமலே.

நம்மைப் பற்றி இணையத்தில் யாரோ குறித்துவைக்கிறார்கள் என்பதை நான் முதலில் கண்ணால் பார்த்தது அந்த நோட்டில்தான். பொய் எழுதலாம் என்பதும் அதிலேயே தெரிந்தது.

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்தது. அடையாள அட்டை காட்டாமல் உட்கார முடியாது. பதிவேட்டை ஓராண்டு பத்திரப்படுத்த வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. அண்ணன் தச்சரைக் கூப்பிட்டுப் பலகைகளை அறுத்தார். ஊரில் அதற்காகக் கோபப்பட்டவர்கள் காதலர்கள் மட்டும்தான். ‘பிரைவசி’ என்ற சொல்லை அன்று யாரும் அங்கே உச்சரித்ததாக நினைவில்லை.

கோபம் அடுத்த ஆண்டு வந்தது. அதற்குக் காரணமான விதை 2008 டிசம்பரிலேயே விழுந்துவிட்டது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கான திருத்தம், அமளிக்கிடையே, விவாதம் எதுவும் இல்லாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் இருந்ததுதான் 66-ஏ பிரிவு. கம்ப்யூட்டர் அல்லது போன் வழியாக மிகவும் புண்படுத்தும்படி எதையாவது அனுப்பினாலோ, பொய்யென்று தெரிந்தே எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்கும் செய்தியைத் தொடர்ந்து அனுப்பினாலோ மூன்றாண்டுவரை சிறை. ‘எரிச்சல்’ என்றால் எவ்வளவு, யாருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. இச்சொற்களில் சில, தொலைபேசியில் அசிங்கமாகப் பேசுபவர்களைத் தடுக்க பிரிட்டனில் 1935-இல் எழுதிய அஞ்சல் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்தவை. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதற்காக எழுதியதை, ஊரே கூடிப் பேசும் திண்ணைக்குப் பொருத்தினார்கள்.

2012 ஏப்ரலில், முதல்வர் மம்தாவைப் பற்றிய ஒரு கேலிச் சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கைதானார். செப்டம்பரில் மும்பையில் ஒரு கார்ட்டூனிஸ்ட். அக்டோபரில் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில். அங்கே சிறு தொழில் செய்துவந்த ஒருவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனுடைய சொத்து குறித்து ட்விட்டரில் ஒரு வரி போட்டார். புகார் மின்னஞ்சலில் போனது. ட்வீட் போட்ட பத்தாம் நாள், அக்டோபர் 30 அன்று விடிகாலையில் போலீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ட்வீட்டைப் போட்டபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பதினாறே பேர். கைதானபின் கூட்டம் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது.

அடுத்த மாதம் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தார். அதற்காக மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று பால்கரைச் சேர்ந்த ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். அவருடைய தோழி அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். ‘லைக்’ போட்டால் ஜெயிலா என்ற கேள்வி டீக்கடைவரை வந்தது அப்போதுதான். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பயந்துபோய், மூன்று வருடமாகத் தான் போட்ட லைக்குகளை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அதே 2012 அக்டோபரில், சென்னையில் ஒரு பின்னணிப் பாடகி, ட்விட்டரில் தன்னை ஆபாசமாகப் பேசுகிறார்கள் என்று புகார் கொடுத்தார். அதில் இருவர் கைதானார்கள். 66-ஏ அங்கேயும் பாய்ந்தது. தமிழ் இணையம் வாரக்கணக்கில் இரண்டுபட்டுக் கிடந்தது. கருத்துச் சுதந்திரம் என்று கொடி பிடித்தவர்களில் சிலர், ஒரு பெண்ணின்மீது எறியப்பட்ட சாக்கடையையும் அந்தக் கொடிக்குள் சுருட்டிவைக்கப் பார்த்தார்கள். என் கணக்கில் இரண்டும் வேறுவேறு. தொல்லைக்கு ஆளானவருக்குத் தெளிவாக எழுதிய சட்டம் வேண்டும். எரிச்சல்பட்ட அமைச்சர் வீட்டுக்கும் சேர்த்து அதே பிரிவு எதற்கு?

66-ஏ மீதான எதிர்ப்புக்கு ஒரு முகம் இருந்தது. மாநிலங்களவையில் பேச்சு நடந்தது. ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் மன்மோகன் சிங் அரசு பல ட்விட்டர் கணக்குகளை முடக்கியபோது, கண்டித்துத் தன் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கிக்கொண்டவர்களில் குஜராத் முதல்வரும் ஒருவர். பெயர் நரேந்திர மோடி. இரண்டே ஆண்டில் அவர் பிரதமரானார். உச்ச நீதிமன்றத்தில் 66-ஏ பிரிவைக் காப்பாற்ற அவருடைய அரசின் வழக்கறிஞர்கள்தான் வாதாடினார்கள். நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு, கட்சி பார்க்காது.

ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் 2012 நவம்பரில் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் 66-ஏ பிரிவை முழுதாகத் தூக்கி எறிந்தார்கள். பட்டாசு வெடிக்காத குறைதான். அந்தச் சந்தோஷத்தில் தீர்ப்பின் மறுபாதியைப் பலர் படிக்கவில்லை. இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69-ஏ பிரிவு செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

செத்த சட்டத்தின் கதையும் அத்தோடு முடியவில்லை. காவல் நிலையங்களில் அது பாட்டுக்கு எஃப்.ஐ.ஆர். ஏறிக்கொண்டிருந்தது. 2021-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பதினோரு மாநிலங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தது. கேட்டு அதிர்ந்த நீதிபதி வேறு யாருமல்ல, தீர்ப்பை எழுதிய அதே நாரிமன். அரசுத் தலைமை வழக்கறிஞர் வேணுகோபால் தந்த விளக்கம் என்னால் மறக்க முடியாதது. அச்சடித்த சட்டப் புத்தகத்தில் 66-ஏ அப்படியே இருக்கிறதாம். அது ரத்தானது கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறதாம். ஸ்டேஷனில் புத்தகத்தைப் புரட்டும் அதிகாரி அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லையாம். இனி யார்மீதும் இந்தப் பிரிவில் வழக்கு கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. ஜாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில். ஒரு கார்ட்டூனுக்குப் பதினோரு வருடம், சில மாதம் குறைச்சல்.

இன்று 66-ஏ இல்லை. விடிகாலையில் கதவைத் தட்டும் போலீஸ் அடியோடு நின்றுவிடவும் இல்லை. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்திலேயே 2014-இல் இணையக் குற்றவாளிகளையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணையின்றி ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். ஆனால் இப்போது பெரும்பாலான வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. 69-ஏ ஆணைகள் ரகசியம் என்று 2009-இன் விதி சொல்கிறது. ஒரு பதிவு காலையில் இருக்கும், மாலையில் ‘இந்தியாவில் இது கிடைக்காது’ என்று வரும். யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பது எழுதியவருக்கே பெரும்பாலும் தெரியாது. கைதான ஆளுக்கு ஒரு புகைப்படம் இருக்கும், ஒரு அம்மா அழுவார், ஊர் கொதிக்கும். காணாமல் போன பதிவுக்காக யார் அழுவார்கள்?

அந்தரங்கத்தின் கதையும் இப்படித்தான் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சறுக்குகிறது. 2012-இல், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமிக்கு 86 வயது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அது அடிப்படை உரிமைதான் என்றார்கள். மறு ஆண்டே பத்து அமைப்புகளின் பட்டியலை உள்துறை வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் உள்ளதைப் பார்க்கவும் இடைமறிக்கவும் அவற்றுக்கு அதிகாரம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். நிறுவனம் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம், சரி. அரசு தன்னுடைய அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வாசல் திறந்திருக்கிறது. போதாததற்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவையும் அது இறுக்கிவிட்டது. நம் அந்தரங்கத்தைக் காக்கப் போட்ட வேலி, அதிகாரியின் கோப்பையும் சேர்த்து மறைக்கிறது.

வாங்கிவைக்கும் தரவை அரசால் காப்பாற்றவாவது முடிகிறதா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் இணையவாசலுக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். நம்மிடம் ‘பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

அன்று கோபப்பட்ட பலரும் இன்று பேசாமல் இருப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. பயம் திசை மாறிவிட்டது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மோசடிக்காரர்கள் வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப் பணத்தை இழந்தவரிடம் கண்காணிப்பு கூடாது என்று போய்ப் பேசிப் பாருங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தால் பணம் திரும்புமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அவருக்கு அரசு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தால் தேவலை என்று தோன்றும். இந்த இடத்தில்தான் அரசுகள் உள்ளே வருகின்றன.

2025 நவம்பர் கடைசியில் அப்படித்தான் ஒரு ஆணை வந்தது. விற்பனைக்கு வரும் புது செல்போன் எல்லாவற்றிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசுச் செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றது. மோசடியைத் தடுக்க, திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க என்று காரணம் சொன்னார்கள். செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே, டிசம்பர் முதல் வாரத்தில், கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். கேரள அரசு 2020-இல் இணைய அவதூறுக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம் போட்டு, அதுவும் சில நாளிலேயே இதேபோல் பின்வாங்கியது. 66-ஏ போக ஆறு ஆண்டு ஆனது. இவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் ஜனம் இன்றும் கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சத்திரத்து பிரவுசிங் சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் உதிரிபாகக் கடை. நோட்டு எந்தப் பழைய பேப்பர்காரரிடம் போனதோ. அதன் வேலையைத் துணிக்கடை, மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் பிரித்து எடுத்துக்கொண்டன. போன தீபாவளிக்கு ஒரு கடையில் இரண்டு சட்டையோடு பில் கவுன்ட்டரில் நின்றேன். “நம்பர் சொல்லுங்க சார்.” எதற்கு என்றேன். “சிஸ்டம் கேக்குது சார்.” தரமாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்பது என்ற எண்ணைப் பத்து முறை தட்டினார், பில் வந்துவிட்டது. ரஜினிகாந்த், போயஸ் தோட்டம்.

செல்போன் நம்பர் தராததற்காகப் பொருள் தர மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த முறை கேட்டால் ஒரு தடவை மறுத்துப் பாருங்கள்.