ஹைபிரிட் வேறு, மரபணு மாற்றம் வேறு

மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் பழக்கடைகளிலும் பை நிறைய வாங்குகிறவர்களுக்கு இப்போது ஒரு சந்தேகம்: "இது ஜி.எம். காயா?" விதையில்லாத் தர்பூசணி, பெரிய பப்பாளி, பளபளக்கும் கத்தரிக்காய், பெசன்ட் நகர் கடற்கரையில் விற்கும் ஸ்வீட் கார்ன் எதுவும் இதற்குத் தப்பவில்லை. இப்படிச் சந்தேகப்பட்டு ஒதுக்கும் காயின் நஷ்டம் கடைசியில் விளைவித்தவர் தலையில்தான் விழும். எனவே பதில் விவசாயி வீட்டில் தெரிந்திருப்பது நல்லது.

மேலே சொன்ன நான்குமே இங்கு மரபணு மாற்றியவை அல்ல. ஒரே பயிரின் இரண்டு பெற்றோரை மகரந்தம் சேர்த்து எடுப்பது வீரிய ஒட்டு, அதாவது ஹைபிரிட். ரெட் லேடி பப்பாளி அப்படிப்பட்டது. வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் பயிருக்குள் புகுத்துவதே மரபணு மாற்றம். ஹவாய் தீவில் 1998 முதல் வளையப் புள்ளி நச்சுயிரியைத் தாங்கும் மரபணு மாற்றுப் பப்பாளி உண்டு. ரெட் லேடி அதுவாக இருந்தால் நம் விவசாயிகள் அந்த நோயோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது!

கத்தரியின் கதை கொஞ்சம் நீளம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, தண்டு மற்றும் காய்த் துளைப்பானைக் கொல்லும் பி.டி. கத்தரியை உருவாக்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, எம்.டி.யு. 1 போன்ற நம் ரகங்களில் அதைச் சேர்த்தது. 2009 அக்டோபரில் மத்திய மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் தந்தது. ஆனால் 2010 பிப்ரவரி 9-ல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்துவிட்டது. இங்கு நிறுத்தம் இன்னும் நீங்கவில்லை.

அப்படியானால் சென்னைச் சமையலறைக்குள் மரபணு மாற்றுப் பொருள் வரவே இல்லையா? வருகிறது, எண்ணெயாக. 2002 முதல் நாம் பயிரிடும் பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றுச் சோயாவில் எடுத்ததே. சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. அதனால் ஆபத்து குறைவு என்று விஞ்ஞானிகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் எதிலிருந்து வந்தது என்று தெரிந்து வாங்கும் உரிமை வேறு விஷயம். அடையாறில் அரை லிட்டர் பாக்கெட் வாங்கும் அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு. வேண்டாம் என்பவர்களுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் இருக்கின்றன. இவற்றில் மரபணு மாற்று ரகம் சந்தையில் கிடையாது. "ஜி.எம். இல்லாத நல்லெண்ணெய்" என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பழங்களுக்கு வருவோம். ஆப்பிள், பப்பாளி, மக்காச்சோளம் உட்பட 24 பயிர்களின் விளைபொருட்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால், மரபணு மாற்றமற்றவை என்ற சான்று வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் உத்தரவிட்டது. தற்செயலாகக் கலந்தாலும் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வைப்பவர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் புரதம் மாட்டின் வயிற்றிலேயே செரித்துவிடும். பால் மரபணு மாற்றுப் பால் ஆகிவிடாது.

கவனம் வேண்டிய இடம் விதைக்கடை. 2019-ல் ஹரியானாவின் பதேகாபாத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி ஒரு வயலில் வளர்ந்திருந்தது தெரியவந்து, பயிரை அழித்தார்கள். "புழுவே விழாது" என்று பில் இல்லாமல் யாராவது நாற்று கொடுத்தால் வாங்காதீர்கள். ரகப் பெயர் அச்சிட்ட விதைப் பொட்டலத்தையும் பில்லையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். சென்னை வியாபாரி கேட்டால் எடுத்துக் காட்டலாம்.